பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை: ஒரு கல்வி வரலாறு

2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'மஹ்மூத் எதிர் டெய்லர்' என்னும் வழக்கில் தீர்ப்பளித்தது. மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டிப் பள்ளிகளில், ஒருபால் திருமணத்தையும் பாலின அடையாளத்தையும் பேசும் கதைப் புத்தகங்கள் தொடக்க வகுப்புகளில் வாசிக்கப்பட்டு வந்தன. அவற்றை வாசிக்கும் வேளையில் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோர் அனுமதி கேட்டனர். வழக்கு முடியும்வரை அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, விலக அனுமதிக்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகளில் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர்.

வழக்கின் பெயரிலேயே ஒரு முஸ்லிம் தந்தையின் பெயர் இருந்ததால், நம் சமுதாயத்தில் இச்செய்தி மகிழ்ச்சியோடு பகிரப்பட்டது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளை வளர்க்கும் நம் உறவினர்களுக்கு இது வீட்டுக்குள் வந்த செய்தி. ஆயினும் இவ்வுரிமை எங்கிருந்து வந்தது, யார் கேட்டுப் பெற்றது, எந்த இடத்தில் கைநழுவியது என்பதை எடுத்துரைத்தோர் குறைவு. இதை முதலில் கேட்டுப் பெற்றவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 1870-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், வில்லியம் ஃபார்ஸ்டர் என்னும் அமைச்சரின் முயற்சியால் நிறைவேறியது. அக்காலத்தில் பல கிராமங்களில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பள்ளிக்கூடமே ஒரே பள்ளிக்கூடம். அத்திருச்சபையைச் சேராத மெதடிஸ்டும் பாப்டிஸ்டும் கத்தோலிக்கரும் யூதரும் பிள்ளையை அங்கே அனுப்பினால், தாம் ஏற்காத ஞானோபதேசத்தை அப்பிள்ளை மனனம் செய்ய நேரும். அனுப்பாவிட்டால் எழுத்தறிவு இல்லை. இந்த இக்கட்டுக்கு அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு ஒரு வழி கண்டது. சமயப் பாடமும் வழிபாடும் பள்ளி நாளின் தொடக்கத்திலோ முடிவிலோ மட்டுமே நடைபெற வேண்டும். அந்த நேரத்தைக் குறித்த கால அட்டவணை வகுப்பறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெற்றோர் விரும்பினால் பிள்ளையை அந்த வேளையில் விலக்கிக்கொள்ளலாம், அதனால் மற்றப் பாடங்களில் அப்பிள்ளைக்கு எந்தக் குறையும் நேரக்கூடாது. இதனை மனச்சான்று விதி என்பர்.

சட்டம் வகுத்தவர்கள் உரிமையை அறிவித்ததோடு நில்லாமல், அதற்குக் கடிகாரத்தில் ஓர் இடமும் ஒதுக்கினார்கள். என் பார்வையில் அவ்விதியின் உயிர்நாடி அதுவே. எந்த நேரத்தில் எந்தப் பாடம் நடக்கும் என்று தெரிந்தால்தானே பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ள முடியும்?

1944-இல் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம், எல்லாப் பள்ளிகளிலும் அன்றாடக் கூட்டு வழிபாட்டையும் சமயக் கல்வியையும் கட்டாயமாக்கியது. விலக்கிக்கொள்ளும் உரிமையையும் தொடர்ந்து காத்தது. 1950-களிலும் 60-களிலும் மீர்ப்பூரிலிருந்தும் சில்ஹெட்டிலிருந்தும் ஆலை வேலைக்குச் சென்ற முஸ்லிம் குடும்பங்கள், பிறர் போராடிப் பெற்றிருந்த இவ்வுரிமையின் நிழலில் போய் அமர்ந்தன. நம் நாட்டு அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவும் இதே வழியில் நிற்பது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்விக்கூடத்தில் பயிலும் எவரையும் அவரது சம்மதமின்றி, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக்கூடாது என்பது அதன் கருத்து.

காலப்போக்கில் சர்ச்சை சமயப் பாடத்திலிருந்து பாலியல் பாடத்துக்கு நகர்ந்தது. 1988-இல் தாட்சர் அரசு, உள்ளாட்சிச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் வழியாக, தற்பால் உறவை உள்ளாட்சி மன்றங்கள் முன்னிறுத்துவதைத் தடை செய்தது. அத்தடை ஸ்காட்லாந்தில் 2000-லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-லும் நீக்கப்பட்டது. அக்காலம் நன்றாயிருந்தது என்று நம்மவர் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெற்றோர் தம் பிள்ளைக்காக விலக்குக் கேட்பது வேறு. எல்லோர் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆசிரியரின் வாயை அடைப்பது வேறு. சக மாணவரின் கேலியால் துன்புற்ற சிறுவனிடம் ஆறுதலாகப் பேசவும் ஆசிரியர்கள் அஞ்சிய காலம் அது. நமக்கு உதவியது 1993-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பாலியல் கல்வியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையை அது பெற்றோருக்கு வழங்கியது. அவ்வுரிமை 'பாலியல் கல்வி' என்னும் பெயரோடு பிணைக்கப்பட்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி பர்மிங்ஹாம். சால்ட்லி பகுதியிலுள்ள பார்க்ஃபீல்டு சமுதாயப் பள்ளியில் 2014 முதல் 'நோ அவுட்சைடர்ஸ்', அதாவது 'வெளியார் எவருமில்லை' என்ற பெயரில் ஒரு பாடத்திட்டம் நடந்துவந்தது. அதை உருவாக்கியவர் துணைத் தலைமை ஆசிரியர் ஆண்ட்ரூ மொஃபட். நிறம், மொழி, உடற்குறைபாடு, சமயம், குடும்ப அமைப்பு ஆகிய எதனாலும் ஒரு குழந்தை ஒதுக்கப்படலாகாது என்பதைப் படக்கதைகள் வழியே சொல்லுவது அவர் நோக்கம். புத்தகங்களில் பல இனத்தையும் நட்பையும் பற்றியவை. சில மட்டுமே இரு தாய்மார் உள்ள குடும்பத்தையும் அதைப் போன்றவற்றையும் காட்டின. இரு தாய்மார் வளர்க்கும் குழந்தையொன்று அதே வகுப்பில் அமர்ந்திருந்தால் அதன் முகம் வாடக்கூடாது என்பதே ஆசிரியர் தரப்பின் வாதம். அதை இழிவாகப் பேசுவது நமக்கு அழகன்று.

பெற்றோர் தரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். நிக்காஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்று வீட்டிலும் மக்தபிலும் கற்கும் ஐந்து வயதுக் குழந்தை, அதற்கு மாறானதைத் தான் மதிக்கும் ஆசிரியரின் வாயிலிருந்து கேட்கும்போது யாரை நம்பும்? விலக்கு வேண்டினார்கள். இது பாலியல் கல்வி அன்று, சமத்துவக் கல்வி. ஆகவே விலக்கு இல்லை என்றது பள்ளி. 1993-இன் உரிமை ஒரு பெயரோடு கட்டப்பட்டிருந்தது என்றேனே, பாடம் வேறொரு பெயருக்குள் போனதும் அவ்வுரிமையால் பயனில்லாமல் போயிற்று.

இன்னொரு பழைய காயமும் உண்டு. 2014-இல், பர்மிங்ஹாம் பள்ளிகளைக் கைப்பற்ற முஸ்லிம்கள் சதி செய்வதாகக் கையொப்பமற்ற கடிதம் ஒன்று வெளியாகி, 'ட்ரோஜன் குதிரை விவகாரம்' என்ற பெயரில் நாட்டையே உலுக்கியது. கடிதம் போலியானது என்றே பலரும் கருதினர். ஆயினும் 21 பள்ளிகள் சோதனைக்குள்ளாயின. மூத்த ஆசிரியர்கள் மீது தொடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை 2017-இல் கைவிடப்பட்டது. அந்நகரத்துப் பெற்றோர் 2019-இல் பள்ளியின் சொல்லை ஏன் நம்பவில்லை என்பது இதை அறிந்தவர்க்கே விளங்கும்.

2019 மார்ச் 1 அன்று ஏறத்தாழ 600 பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டதாகப் பெற்றோர் தரப்புக் கூறியது. மார்ச் நடுவில் பள்ளி அப்பாடங்களை நிறுத்திவைத்துப் பேச்சுவார்த்தைக்கு வந்தது. பல வாரங்கள் பேசிய பின், சமயப் பின்னணியுள்ள சமூகத்துக்கேற்ப மாற்றிய வடிவம் ஒன்று ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எல்லாப் பெற்றோருக்கும் அது நிறைவளிக்கவில்லை. ஆயினும் மேசையில் அமர்ந்து பெற்றதாக ஏதோ ஒன்று இருந்தது.

அதே நகரின் ஆண்டர்டன் பார்க் தொடக்கப் பள்ளியில் நடந்தது வேறு. அங்கே 'நோ அவுட்சைடர்ஸ்' பாடத்திட்டமே இல்லை. பொதுவான சமத்துவப் பாடங்களே இருந்தன. ஆனால் பள்ளி வாசலில் வாரக்கணக்கில் ஒலிபெருக்கி முழங்கியது. முன்னின்று நடத்தியவருக்கு அப்பள்ளியில் பிள்ளை இல்லை. தலைமை ஆசிரியையின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள்; பள்ளிக்குள் நடக்காதவற்றை நடந்ததாகக் கூறினார்கள். 2019 மே மாதம் ரமளான் மாதமாகவும் இருந்தது. ஆதரவுப் பதாகை கட்ட வந்தவர்கள் மீது முட்டை வீசப்பட்டது அம்மாதத்தில்தான். மே இறுதியில் இடைக்காலத் தடையும், நவம்பர் 26 அன்று உயர் நீதிமன்றத்தின் நிரந்தரத் தடையும் வந்தன. பள்ளியில் கற்பிக்கப்படுபவை பெரிதும் திரித்துக் கூறப்பட்டன என்று நீதிபதி வார்பி பதிவு செய்தார். நபி மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவரும் ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படி ஏவப்பட்டவர்கள். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியையிடம் ஒலிபெருக்கியால் பேச நமக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாதம் எவ்வளவு நியாயமானதாயினும், அதன்பின் அந்நாட்டில் 'முஸ்லிம் பெற்றோர்' என்றதும் பலருக்கு நினைவில் வருவது அவ்வொலியே.

2020 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் 'உறவுகள் கல்வி' கட்டாயமாயிற்று. பாலியல் கல்வியிலிருந்து விலக்கு உண்டு, உறவுகள் கல்வியிலிருந்து இல்லை. பெற்றோரைக் கலந்தாலோசிக்கும் கடமையும், மாணவரின் சமயப் பின்னணியைக் கருத்தில் கொள்ளும் கடமையும் பள்ளிக்கு உண்டு.

மேரிலாந்துக்கு வருவோம். அம்மாநிலத்தில் குடும்ப வாழ்வு, பாலியல் பாடங்களிலிருந்து விலகும் வழி ஏற்கெனவே இருந்தது. ஆனால் மான்ட்கோமரி கல்வி மன்றம் 2022-இல் அந்தக் கதைப் புத்தகங்களைச் சேர்த்தது ஆங்கில மொழிப் பாடத்தில். அங்கும் பெயர்தான் மாறியது. முதலில் பள்ளிகள் விலக்கு அளித்தன. 2023 மார்ச்சில் அதை நிறுத்தின. விலக்குக் கேட்போர் மிகுந்ததால் வகுப்பு நடத்த இயலவில்லை என்பதும், எழுந்து வெளியேறும் பிள்ளைகளைக் கண்டு பிற பிள்ளைகள் மனம் புண்படுவர் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். மொழிப்பாடம் நாள்தோறும் நடப்பது, எந்த மணியில் எந்தப் புத்தகம் என்று முன்கூட்டித் தெரியாதது. 1870-ஆம் ஆண்டின் சுவரொட்டி அட்டவணை இங்கே இல்லை.

வழக்குத் தொடுத்தவர்களில் முஸ்லிம் குடும்பத்தோடு கத்தோலிக்கரும் உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரும் இருந்தனர். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர்களுக்கு இடைக்கால நிவாரணம் தர மறுத்தன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 1972-ஆம் ஆண்டின் 'விஸ்கான்சின் எதிர் யோடர்' வழக்கைத் தூணாகக் கொண்டது. வெறுமனே ஒரு கருத்தைக் கேட்பது வற்புறுத்தல் ஆகாது, இத்தகைய விலக்குகள் பொதுப் பள்ளிகளைக் குழப்பத்தில் ஆழ்த்தும் என்று நீதிபதி சோட்டோமேயர் மாறுபட்டு எழுதினார். அவர் அச்சத்தை நான் புறந்தள்ளமாட்டேன். நாளை பரிணாமப் பாடத்துக்கும் விலக்கு, முஸ்லிம் குடும்பத்தைக் காட்டும் கதைக்கும் விலக்கு என்று கேட்போர் வரக்கூடும். நம் உரிமையின் அதே வாசலால் பிறரும் நுழைவர்.

அந்த யோடர் வழக்கைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆமிஷ் என்போர் மின்சாரமும் மோட்டார் வண்டியும் தவிர்த்து வாழும் கிறிஸ்தவப் பிரிவினர். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்ததற்காக மூன்று தந்தையருக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீதிமன்றம் ஏறுவது ஆமிஷ் வழக்கமன்று. அவர்களுக்காக ஒரு லூத்தரன் போதகர் குழு அமைத்தார். வழக்காடியவர் வில்லியம் பால் என்னும் கத்தோலிக்கர். அந்தத் தீர்ப்பே 53 ஆண்டுகள் கழித்து ஒரு முஸ்லிம் தந்தைக்குத் துணையாய் வந்தது.

தீர்ப்பு கிடைத்த பின்னும் வேலை முடியவில்லை. விலக்குப் பெற்ற பிள்ளை நூலகத்தில் அமர்ந்துவிட்டு மாலையில் வீடு வந்து, "என்னை மட்டும் ஏன் வெளியே அனுப்பினீர்கள்?" என்று கேட்கும். பாலின அடையாளத்தைப் பற்றிக் கேட்டால், "அதைப் பேசாதே" என்று அடக்குவோர் நம்மில் மிகுதி. ஆனால் நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில் 'குன்ஸா' பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. பிறப்பிலேயே ஆண், பெண் என்று உடல் தெளியாதவர் தொழுகை வரிசையில் எங்கே நிற்பது, வாரிசுரிமையில் அவர் பங்கு எவ்வளவு என்று ஃபுகஹாக்கள் நாணமின்றி, ஏளனமின்றி ஆராய்ந்திருக்கிறார்கள். இன்று பேசப்படும் பாலின அடையாளக் கொள்கை இதுவன்று. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் இரு பக்கத்திலும் உண்டு. என்றாலும், பிள்ளையின் கேள்விக்கு வயதறிந்து விடை சொல்லும் முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது.

இங்கிலாந்து அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் 2026 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு உரியது. எல்லா மனிதருக்கும் பாலின அடையாளம் என ஒன்று உண்டு என்பதை நிறுவப்பட்ட உண்மையாகப் பள்ளிகள் கற்பிக்கலாகாது என்று அது கூறுகிறது. பாடப் பொருள்களைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அங்குள்ள நம் குடும்பத்தார் வகுப்பாசிரியருக்கு ஸலாமோ வணக்கமோ கூறி ஒரு கடிதம் எழுதலாம். இவ்வாண்டு என் பிள்ளையின் வகுப்பில் வாசிக்கப்படும் புத்தகங்கள் எவை, அவற்றை நானும் படித்துப் பார்க்கலாமா, எந்த வாரத்தில் வாசிக்கப்படும் என்று மூன்று வரிகள் போதும்.