வெள்ளித்திரையும் வீட்டுப் பெயரும்

பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் பெயர் சூட்டுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நபிமார் ஒருவரின் பெயரோ, நல்லடியார் ஒருவரின் பெயரோ, மறைந்த பாட்டனாரின் பெயரோ அந்தப் பச்சிளங் குழந்தையை வந்து சேர்கிறது. காணி நிலமும் விட்டுச் செல்ல இயலாத ஏழைப் பெற்றோர்கூடத் தம் மக்களுக்குத் தவறாமல் கொடுத்துச் செல்லும் செல்வம் அது. அந்தச் செல்வத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வருமாறு ஒரு தொழில் ஒரு காலத்தில் கேட்டது. அத்தொழில் பம்பாயின் திரைப்படத் தொழில். அக்காலம் 1940-க்கும் 1960-க்கும் இடைப்பட்டது.

திரைப்படம் பார்ப்பது தகுமா, தகாதா என்னும் வினா நம் குடும்பங்களில் பலமுறை எழுந்த ஒன்று. அவ்வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், கோடிக்கணக்கான மக்கள் கொட்டகைகளில் திரண்டு கண்ணீர் விட்டதும் கைதட்டியதும் யாருக்காக என்பதை அறிவது வரலாற்று மாணவனின் கடமை. அந்த முகங்களுள் பல, இரவல் பெயர் அணிந்த முகங்கள் என்பதை இன்றைய இளந்தலைமுறை அறியாது.

பழவணிகர் மகன்

பெஷாவர் நகரில், கதை சொல்வோர் தெரு என்று பொருள்படும் கிஸ்ஸா குவானி கடைவீதியை அடுத்த பகுதியில், 1922 டிசம்பர் 11 அன்று பிறந்தவர் யூசுப் கான். தந்தையார் குலாம் சர்வர் கான் பழவணிகர். குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பூனாவில் இராணுவத்தினரின் சிற்றுண்டிச் சாலையில் சில காலம் வேலை பார்த்த அந்த இளைஞரை, பம்பாய் டாக்கீஸ் நிறுவனத்தை நடத்திவந்த தேவிகா ராணி கண்டார். மாதம் 1,250 ரூபாய் சம்பளத்தில் நடிகராக்கினார். அந்நாளில் அது பெருந்தொகை. கூடவே, திரைக்கென ஒரு பெயர் வேண்டும் என்றும், 'திலீப் குமார்' என்பது எல்லாத் தரப்பினரையும் கவரும் என்றும் அவர் கூறினார்.

யூசுப் உடனே இசைந்துவிடவில்லை. எண்ணிப் பார்க்க அவகாசம் கேட்டார். இறுதியில் இசைந்தார். 1944-இல் 'ஜ்வார் பாட்டா' வெளிவந்தது. படம் ஓடவில்லை, பெயர் நிலைத்துவிட்டது.

புதுப்பெயரில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. தந்தையார் நடிப்புத் தொழிலைக் கூத்தாடித்தனம் என்று இகழ்பவர். பிருதிவிராஜ் கபூரின் தந்தை பஷேஷ்வர்நாத் அவருக்கு நெருங்கிய நண்பர். "உம் மகன் கூத்தாடப் போனான்" என்ற பொருளில் அந்த நண்பரை அவர் கேலி செய்வதுண்டு. 1947-இல் 'ஜுக்னு' என்னும் படம் வெற்றி பெற்றபோது, அதே நண்பர் அவரைக் கடைவீதிக்கு அழைத்துச் சென்று ஒரு விளம்பரப் பலகையைக் காட்டினாராம். அதில் இருந்தது தம் மகனின் முகம். எழுதியிருந்த பெயரோ வேறு. தந்தையார் மனம் நொந்து சில நாள் மகனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 2014-இல் வெளிவந்த தம் தன்வரலாற்று நூலில் திலீப் குமார் இதனைப் பதிவு செய்திருக்கிறார். மகன் நடிகன் ஆனதற்கு வருந்தினாரா, தாம் இட்ட பெயர் அங்கே இல்லாததற்கு வருந்தினாரா? ஒரு தகப்பனாரின் மௌனத்தைப் பிரித்துப் பார்க்க யாரால் முடியும்?

முன்னே நின்றவர், பின்னே நின்றவர்

யூசுப் ஒருவர் மட்டுமல்லர். டில்லியில் 1933-இல் பிறந்த மும்தாஜ் ஜஹான், 'பேபி மும்தாஜ்' என்று குழந்தை நடிகையாகத் தொடங்கி 'மதுபாலா' ஆனார். அலி பக்ஷ் என்னும் இசைக்கலைஞரின் மகளான மஹ்ஜபீன் பானு 'மீனா குமாரி' ஆனார். நவாப் பானு 'நிம்மி' ஆனார். ஹமீத் அலி கான் 'அஜித்' ஆனார். பத்ருத்தீன் ஜமாலுத்தீன் காஸி என்னும் நகைச்சுவை நடிகருக்கு, இயக்குநர் குரு தத் ஒரு மதுவகையின் பெயரையே சூட்டி 'ஜானி வாக்கர்' ஆக்கினார். திரையில் குடிகாரராக நடித்துப் புகழ்பெற்ற அம்மனிதர் வாழ்க்கையில் மதுவைத் தொடாதவர் என்பது நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது.

நடுநிலை தவறாமல் எழுத வேண்டுமெனில் மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெயர் மாற்றம் முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1943-இல் 'கிஸ்மத்' படத்தின் மூலம் வசூலில் வரலாறு படைத்த அசோக் குமாரின் இயற்பெயர் குமுதலால் கங்கூலி. மறுபுறம், சுரையாவும் நூர்ஜஹானும் முஸ்லிம் பெயரோடேயே கொடிகட்டிப் பறந்தனர். பாத்திமா ரஷீத் என்பவர் 'நர்கிஸ்' ஆனார். அதுவும் நம் வீடுகளில் வழங்கும் பாரசீகப் பூப்பெயர்தான். ஆகவே, இதனை ஒரு சட்டம் என்றோ சதி என்றோ சொல்வதற்கில்லை. எவரும் எழுதி வைக்காத ஒரு வணிகக் கணக்கு அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமுதலால் அசோக்கானபோது அவர் தம் சமூகத்தின் பெயர் மரபுக்குள்ளேயே இருந்தார். யூசுப் திலீப்பானபோதும், மஹ்ஜபீன் மீனாவானபோதும், அவர்கள் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள் என்பதே மறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரைக்குப் பின்னே நின்றவர்களிடம் யாரும் பெயரைக் கேட்கவில்லை. 1952-இல் வெளிவந்து பெருவெற்றி கண்ட 'பைஜு பாவ்ரா' படத்தில், கோயில்களிலும் ஒலிக்கும் பக்திப் பாடல் ஒன்று உண்டு. எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முஹம்மத் ரபீ. மூவரும் தத்தம் பெயரிலேயே நின்றனர். மக்கள் அப்பாடலை நெஞ்சில் ஏந்திக்கொண்டனர். அதே படத்தின் கதாநாயகியோ மீனா குமாரி என்னும் மஹ்ஜபீன்! 1957-இல் 'மதர் இந்தியா' என்று நாட்டின் பெயரையே தாங்கி வந்த படத்தை எடுத்தவர் மெஹபூப் கான். அயல்மொழிப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதல் இந்தியப் படம் அது. முஸ்லிமின் சொல்லை, இசையை, குரலை மனமார ஏற்ற மக்கள், முஸ்லிம் பெயர் கொண்ட முகத்தை மட்டும் மறுத்திருப்பார்களா? மறுப்பார்கள் என்று அஞ்சியவர்கள் படமுதலாளிகள். மக்களை எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

மொகலே ஆஸம்

இந்த விந்தையின் உச்சத்தைக் காண வேண்டுமெனில் 1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் கொட்டகையில் திரையிடப்பட்ட 'மொகலே ஆஸம்' படத்தைத்தான் காண வேண்டும். இயக்குநர் கே. ஆசிப் அதனை 1944-இலேயே திட்டமிட்டார். 1947-இல் நாடு பிரிந்தபோது, பணம் போட்ட ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தான் சென்றுவிட்டார். அக்பராக நடிக்கவிருந்த சந்திரமோகன் 1949-இல் காலமானார். பின்னர் ஷாபூர்ஜி பலோன்ஜி என்னும் பார்சி செல்வந்தரின் துணையால் பணி புதிதாகத் தொடங்கியது. ஒன்றரைக் கோடி ரூபாய் அளவுக்குச் செலவு ஏறியதாகக் கூறுவர். வெளிவந்த பிறகு அது குவித்த வசூலை, 1975-இல் வந்த 'ஷோலே' வரை எந்தப் படமும் விஞ்சவில்லை. இதன் தமிழ் வடிவம் 'அக்பர்' என்ற பெயரில் 1961-இல் நம் ஊர்க் கொட்டகைகளுக்கும் வந்தது; ஆனால் இங்கே அது எடுபடவில்லை.

அப்படத்தின் நடிகர் பட்டியலைச் சற்றே நிறுத்திப் படிப்போம். முஸ்லிம் மாமன்னர் அக்பராக நடித்தவர் பிருதிவிராஜ் கபூர், தம் சொந்தப் பெயரில். இளவரசர் சலீமாக நடித்தவர் யூசுப் கான், திலீப் குமார் என்ற பெயரில். அனார்கலியாக நடித்தவர் மும்தாஜ் ஜஹான், மதுபாலா என்ற பெயரில். இராஜபுத்திர வீரர் துர்ஜன் சிங்காக நடித்தவர் ஹமீத் அலி கான், அஜித் என்ற பெயரில். தந்தையாகவும் மகனாகவும் எதிரெதிரே நின்று வசனம் மோதிய கபூரும் கானும் பெஷாவர் மண்ணின் மக்கள். மகன் அரியணைக்கு எதிராகக் காதலை உயர்த்திப் பிடிக்கும் கதை அது. அக்கதையை நடித்தவர்களுக்குத் தம் பெயரை உயர்த்திப் பிடிக்கும் உரிமை வாய்க்கவில்லை.

அப்படம் வந்தபோதே மதுபாலாவின் இதயம் நோயுற்றிருந்தது. பிறவியிலேயே இதயச் சுவரில் துளை கொண்டிருந்த அவர், 1969 பிப்ரவரியில் தம் 36-ஆம் வயதில் மறைந்தார். மீனா குமாரி 1972-இல் 'பாகீஸா' வெளிவந்த இரு மாதங்களுக்குள் கண்மூடினார். அவர் உருதுக் கவிதைகளும் எழுதியவர். கவிதைக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் மீனாவும் அன்று, மஹ்ஜபீனும் அன்று, 'நாஸ்' என்பது. தமக்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ள அவருக்குக் கிடைத்த இடம் கவிதை ஒன்றுதான் போலும்.

செங்கற்பட்டில் பிறந்த பெண்

இவ்வரலாற்றில் நம் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1938 பிப்ரவரி 3 அன்று செங்கற்பட்டில் பிறந்தவர் வஹீதா ரஹ்மான். தந்தையார் அரசு அலுவலர். மகள் சிறுமியாக இருந்தபோதே காலமானார். பரதம் பயின்ற வஹீதா 1955-இல் 'ரோஜுலு மாராயி' என்னும் தெலுங்குப் படத்தில் ஆடிய ஒரு நடனம் ஆந்திரத்தையே ஆட்டி வைத்தது. அதன் தமிழ் வடிவமான 'காலம் மாறிப்போச்சு', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகிய படங்களிலும் அவர் ஆடினார். ஐதராபாத்தில் அவரைக் கண்ட குரு தத், 'சி.ஐ.டி.' படத்துக்காகப் பம்பாய்க்கு அழைத்தார்.

ஒப்பந்தம் பேசுகையில் இயக்குநர் ராஜ் கோஸ்லா, பெயர் நீளமாக இருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். திலீப் குமாரும் மதுபாலாவும் மீனா குமாரியும் மாற்றிக்கொள்ளவில்லையா என்றும் கேட்டார். பதினெட்டு வயது நிறையாத அந்தப் பெண், தாய் தந்தையர் இட்ட பெயர் இது, இதனை மாற்ற மாட்டேன் என்று மறுத்தார். அத்துடன் நில்லாமல், தமக்குப் பிடிக்காத உடையை அணியமாட்டேன் என்னும் நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னார். புதுமுகம் ஒருத்தி நிபந்தனை விதிப்பதா என்று கோஸ்லா சினந்தார். கடைசியில் குரு தத் இசைந்தார். வயது நிறையாததால் மகளுக்காகத் தாயார் கையொப்பமிட்டார்.

பெயரால் படம் படுத்துவிட்டதா? 1956-இன் பெருவெற்றிப் படங்களுள் ஒன்று 'சி.ஐ.டி.'. தொடர்ந்து 1957-இல் 'பியாஸா', 1960-இல் 'சௌத்வீன் கா சாந்த்', 1965-இல் 'கைட்' என்று அந்த 'நீளமான' பெயர் நாடெங்கும் விளம்பரப் பலகைகளில் எழுதப்பட்டது. எழுதியவர்களுக்கு இடம் போதாமற் போகவில்லை; படித்தவர்களுக்கு நாவும் குழறவில்லை. படமுதலாளிகளின் அச்சம் ஆதாரமற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1967-இல் சென்னையின் விஜயா நிறுவனத்தார் 'ராம் அவுர் ஷ்யாம்' என்னும் இந்திப் படத்தை எடுத்தனர். நம் 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் கதைதான் அது. இயக்கியவர், வஹீதாவை 'ரோஜுலு மாராயி'யில் ஆடவைத்த அதே தாபி சாணக்யா. அதில் திலீப் குமாரும் வஹீதா ரஹ்மானும் சேர்ந்து நடித்தனர். மற்றொரு கதாநாயகியின் பெயர் மும்தாஜ். இருபதாண்டுகளுக்கு முன் ஒரு மும்தாஜ் இறக்கி வைத்த பெயரை, வேறொரு மும்தாஜ் தலைநிமிர்ந்து சூடி நின்றார். காலம் உண்மையிலேயே மாறிப்போயிருந்தது. 1988 முதல் அடுத்தடுத்து எழுந்த ஆமிர் கான், சல்மான் கான், ஷாருக் கான் ஆகியோரிடம் பெயரை மாற்றுமாறு கேட்கும் துணிவு எவருக்கு வந்திருக்கும்?

மண்ணுக்குள் எந்தப் பெயர்?

பெயரை மறைத்தது பாதுகாப்பாவது தந்ததா என்றும் நாம் வினவ வேண்டும். 1998-இல் பாகிஸ்தான் அரசு திலீப் குமாருக்கு 'நிஷானே இம்தியாஸ்' விருதளித்தது. மறு ஆண்டு கார்கிலில் போர் மூண்டபோது, அதனைத் திருப்பித் தருமாறு அவரை நெருக்கினர். அவரது நாட்டுப்பற்றையே ஐயுற்றனர். அரை நூற்றாண்டு காலம் திலீப் என்று கொண்டாடியவர்கள் நடுவே, தேவைப்பட்ட நாளில் யூசுபைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிலரால் முடிந்தது. அவர் பிரதமர் வாஜ்பாயியைக் கலந்து பேசினார். விருதைத் திருப்பித் தரவில்லை.

2021 ஜூலை 7 அன்று, 98 வயதில் அவர் மறைந்தார். அரசு மரியாதையுடன் பம்பாய் ஜுஹு மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். மதுபாலாவும் முஹம்மத் ரபீயும் முன்பே உறங்குகின்ற இடம் அது. புதிய ஜனாஸாக்களுக்கு இடம் வேண்டி, அவ்விருவரின் கல்லறைகளும் 2010-இல் அகற்றப்பட்டன. மதுபாலா என்ற பெயரும் மும்தாஜ் என்ற பெயரும் ஒருசேர அங்கிருந்து மறைந்தன. மண் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்வதில்லை.

ஆனால், வாழும் நாளில் பெயர் நம்முடையது. இன்று நம் பிள்ளைகள் திரைக்குப் போகாவிட்டாலும், வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் விண்ணப்பம் எழுதும்போது, இந்தப் பெயரை இப்படியே எழுதலாமா என்று ஒரு கணம் பேனாவை நிறுத்துவதை நாம் அறிவோம். யூசுபை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு அந்நாளில் வேறு வாசல் காட்டுவார் இல்லை. ஆயினும் அந்தப் பேனா நிற்கும் கணத்தில், செங்கற்பட்டில் பிறந்த ஒரு பெண் தாயாரை அருகில் வைத்துக்கொண்டு சொன்ன மறுமொழியையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். 2021-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது 2023-இல் அறிவிக்கப்பட்டபோது, தந்தையார் இட்ட அதே பெயரில்தான் அது அவரைத் தேடி வந்தது.