அற்புத ஆண்டு

அற்புத ஆண்டு (இலத்தீன்: அன்னுஸ் மிராபிலிஸ்) என்பது ஒருவரது வாழ்விலோ ஒரு துறையின் வரலாற்றிலோ சிறப்புமிக்க பல படைப்புகள் அல்லது கண்டுபிடிப்புகள் குறுகிய காலத்தில் ஒருசேர நிகழ்ந்த ஆண்டைக் குறிக்கும் தொடராகும். 1666, 1905 ஆகியவை இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆண்டுகள். தமிழ் இலக்கியத்தில் சுப்பிரமணிய பாரதியின் 1912ஆம் ஆண்டு இவற்றோடு ஒப்பிடத்தக்கது.

சொல் வரலாறு

ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1667இல் வெளியிட்ட கவிதையின் தலைப்பு வழியாக இத்தொடர் பரவலாக அறியப்பட்டது. அக்கவிதை கூறும் 1666, இலண்டன் பெருந்தீயும் ஒல்லாந்தருடனான கடற்போரும் நிகழ்ந்த ஆண்டாகும். பேரழிவிலிருந்து நகரம் முற்றிலும் அழியாமல் தப்பியதையே டிரைடன் அற்புதமாகக் கண்டார். அறிவியல் சாதனைகளைக் குறிக்கும் பொருள் பின்னர் ஏற்பட்டது.

அறிவியலில்

கொள்ளைநோய் காரணமாக 1665இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டதால், ஐசாக் நியூட்டன் தம் சொந்த ஊரான வூல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். நுண்கணிதம், ஒளியியல், ஈர்ப்பு ஆகியவை பற்றிய அவரது அடிப்படைச் சிந்தனைகள் இக்காலத்தில் வளர்ந்தன.

பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், 1905இல் ஒளிமின் விளைவு, பிரௌனியன் இயக்கம், சிறப்புச் சார்புக் கோட்பாடு, பொருண்மை-ஆற்றல் சமன்மை ஆகியவை குறித்து நான்கு கட்டுரைகளை வெளியிட்டார். இதன் நூற்றாண்டை ஒட்டி 2005 உலக இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

தமிழில்

கைதாவதைத் தவிர்க்க 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்ற பாரதி, 1910இல் "இந்தியா" இதழும் நின்றுவிட்டதால் எழுதுவதற்கான முதன்மைக் களத்தை இழந்தார். பகவத் கீதை மொழிபெயர்ப்பு, கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவற்றை அவரது வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகள் 1912ஆம் ஆண்டோடு இணைக்கின்றன. ஆயினும் அவ்வாண்டில் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் மட்டுமே அச்சேறியது. கண்ணன் பாட்டு 1917இல் பரலி சு. நெல்லையப்பரால் பதிப்பிக்கப்பட்டது. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம், பாரதி 1921இல் மறைந்த பின்னரே வெளிவந்தது.

கணிதமேதை இராமானுசனின் இறுதி ஆண்டும் இவ்வகையில் கருதத்தக்கது. 1919இல் நோயுற்று இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பிய அவர், போலித் தீட்டாச் சார்புகள் என்ற புதிய துறையைத் தோற்றுவித்தார். 1920 சனவரியில் இதுபற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். இக்காலத்துக் கணக்குகள் அடங்கிய தாள்களை 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார்.

விமர்சனம்

அற்புத ஆண்டு என்ற பெயர் பெரும்பாலும் பின்வந்தோரால் இடப்படுவது. ஆகவே முன்னும் பின்னுமான நெடுங்கால உழைப்பை அது மறைத்துவிடுகிறது என்ற கருத்து உண்டு. நியூட்டனின் கணித ஆய்வுகள் 1664இலேயே தொடங்கிவிட்டன. அவரது ஈர்ப்புக் கோட்பாடு முழுவடிவம் பெற்று "பிரின்சிப்பியா" நூலாக வெளிவந்தது 1687இல்தான்.