குறைந்த அளவு லித்தியமும் மனநலமும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

இருமுனைய மனநோய்க்கு மருந்தாகத் தரப்படும் 900 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட்டில் தனிம லித்தியம் சுமார் 170 மில்லிகிராம். ஒரு லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் லித்தியம் கலந்த குடிநீரை நாளுக்கு 2 லிட்டர் பருகினால் உடலில் சேர்வது 0.12 மில்லிகிராம் மட்டுமே. மருந்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்த இந்த அளவு மனத்தையும் நினைவாற்றலையும் காக்குமா என்ற கேள்வி உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. லித்தியம் குறித்த அறிவு, அளவை அளக்கத் தொடங்கிய பிறகே உறுதிபெற்றது என்பதே இதன் வாதம்.

அளவறியாக் காலம்

1817-இல் ஸ்வீடனின் அர்ஃபெட்சன் பெட்டலைட் கனிமத்தில் லித்தியத்தைக் கண்டறிந்தார். இங்கிலாந்தின் ஆல்ஃப்ரெட் காரட் அதை யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுநோய்க்குப் பரிந்துரைத்தார். டென்மார்க்கின் கார்ல் லாங்கே, விட்டுவிட்டு வரும் மனச்சோர்வுக்குப் பயன்படுத்தியதை 1886-இல் எழுதினார். 1929-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து பின்னர் செவன் அப் எனப் பெயர்பெற்ற பானத்திலும் 1948 வரை லித்தியம் சிட்ரேட் இருந்தது. இதய நோயாளிகளுக்குச் சமையல் உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டது. நச்சேறிச் சிலர் இறந்ததும் 1949-இல் அது விலக்கப்பட்டது.

ஜான் கேடும் மோகென்ஸ் ஸ்கௌவும்

அதே 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் தம் கட்டுரையை வெளியிட்டார். மனவெழுச்சி (மேனியா) நோயாளிகளின் சிறுநீரில் நச்சுப்பொருள் உண்டா என்று கினிப்பன்றிகளில் சோதித்து வந்தார் அவர். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தின் விளைவைச் சோதிக்க, எளிதில் கரையும் லித்தியம் யூரேட்டைச் செலுத்தினார். பிறகு லித்தியம் கார்பனேட்டை மட்டும் செலுத்தியபோது, துள்ளித்திரியும் அந்த விலங்குகள் மல்லாத்திப் போட்டாலும் புரண்டெழாமல் அசையாது கிடந்தன. தொடர்ந்து மனவெழுச்சி நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் முதல் நோயாளி 1950-இல் லித்திய நச்சால் இறந்தார். மருந்தின் பயனும் ஆபத்தும் மிக அருகருகே இருந்தன. 1954-இல் டென்மார்க்கில் மோகென்ஸ் ஸ்கௌ கட்டுப்பாட்டுச் சோதனை நடத்தினார். இரத்தத்தில் லித்தியத்தை அளக்கும் முறை பரவிய பிறகே மருத்துவர்கள் அதைத் துணிந்து கையாண்டனர். அமெரிக்க அனுமதி 1970-இல் கிடைத்தது.

குடிநீர் ஆய்வுகள்

1990-இல் ஆய்வாளர்கள் ஷ்ராவ்சரும் ஷ்ரெஸ்தாவும் டெக்சாஸின் 27 மாவட்டங்களை ஒப்பிட்டு, நீரில் லித்தியம் மிகுந்த இடங்களில் தற்கொலையும் வன்குற்றமும் குறைவு என்றனர். 2009-இல் ஜப்பானின் ஓய்ட்டா மாகாணத்து 18 ஊர்களிலும், 2011-இல் ஆஸ்திரியாவின் 99 மாவட்டங்களிலும் தற்கொலை குறித்து இதே போக்கு தெரிந்தது. இவை பெரும்பாலும் ஊர்ச் சராசரிகளின் ஒப்பீடுகள். வருமானம், மருத்துவ வசதி, குடும்ப நிலை ஆகியவையும் ஊருக்கு ஊர் மாறும். தற்கொலை செய்துகொண்டவர் எவ்வளவு லித்தியம் பருகினார் என்பதைச் சராசரி சொல்லாது. தனிமனிதப் பதிவுகளைப் பின்தொடர்ந்த டென்மார்க் ஆய்வு 2017-இல் அத்தகைய தொடர்பைக் காணவில்லை.

நினைவாற்றல்

மறதிநோய் குறித்த மற்றொரு டென்மார்க் ஆய்வில், லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் லித்தியம் உள்ள நீரைப் பருகியோரிடம், 2 முதல் 5 மைக்ரோகிராம் உள்ள நீரைப் பருகியோரைவிட, மறதிநோய் 17 விழுக்காடு குறைவு. ஆயினும் 5 முதல் 10 வரை உள்ள இடங்களில் அது 22 விழுக்காடு கூடியிருந்தது. ஏறுமுகமும் இறங்குமுகமும் கலந்த இப்போக்கை நேரடிக் காரணத்துக்குச் சான்றாகக் கொள்வது கடினம். பிரேசிலில் ஃபோர்லென்சா குழு, லேசான நினைவுக் குறைவுள்ள 45 பேரில் வழக்கமான சிகிச்சை அளவைவிடக் குறைந்த லித்தியத்தைச் சோதித்து, மூளைத் தண்டுவட நீரில், மறதிநோயோடு தொடர்புடைய, பாஸ்பேட் ஏறிய டாவ் புரதம் குறைந்ததை 2011-இல் அறிவித்தது. 2025-இல் ஹார்வர்டின் யாங்க்னர் குழு, நினைவுக் குறைவுற்றோரின் மூளையில் லித்தியம் குன்றியிருப்பதையும், மூளையில் சேரும் அமிலாய்டு புரதப் படிவுகள் அதைச் சிறைப்பிடிப்பதையும் காட்டியது. லித்தியம் ஓரோட்டேட் என்னும் லித்திய உப்பு எலிகளின் நினைவிழப்பை மீட்டது.

முடிவுரை

இச்சான்றுகள் ஒரு வலுவான கருதுகோளைத் தருகின்றன, சிகிச்சையை அல்ல. எலியில் கண்ட பலன் மனிதரிடம் நிலைநாட்டப்படும் முன் கடைகளில் விற்கும் லித்திய மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவது, 1949-இல் விலக்கப்பட்ட உப்பு மாற்றுப்பொருள் போலவே, அளவறியாத முயற்சி. சிறுநீரகமும் தைராய்டும் பாதிக்கப்படக்கூடியவை. தேவை, தனிமனிதர் உட்கொள்ளும் அளவைத் துல்லியமாக அளந்து பல ஆண்டுகள் பின்தொடரும் மருத்துவச் சோதனைகள். முதுமையில் நினைவிழக்கும் கோடிக்கணக்கானோருக்காக அவற்றுக்குப் பொதுநிதி ஒதுக்குவது நம் காலத்தின் கடமை.