நிலை பெயர்ந்த ஆழித்தேர்



தஞ்சைத் தரணியில் அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடக்கும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில் தேர்த் திருவிழாக்கள் பல நடைபெறும். களத்து வேலை ஓய்ந்தால்தானே வடம் பிடிக்கக் கைகள் கிடைக்கும்? நெடுங்காலம் அசையாது நின்ற ஒரு தேர் மீண்டும் ஓடிய வரலாற்றை இன்று கூற விழைகிறேன்.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் ஆழித்தேர் மிகத் தொன்மையான புகழுடையது. ஏழாம் நூற்றாண்டிலேயே திருநாவுக்கரசர் அதனைப் பாடியுள்ளார். ஆயினும், நாம் இன்று காணும் தேர் அத்துணைப் பழமையானதன்று. முன்பிருந்த தேர் 1926-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. 1928-இல் புதிய தேருக்கான வேலை தொடங்கியது. 1930-இல் அது வீதி வலம் வந்தது. 1948 வரை ஓடிய அத்தேர் பின்னர் நின்றுவிட்டது. அதன் பிறகு 1970-இல்தான் அது நிலை பெயர்ந்தது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள்! ஆரூரில் ஒரு தலைமுறையே தேரோட்டத்தைக் காணாமல் வளர்ந்துவிட்டது.

நின்ற தேரை ஓட்டுவது எளிதோ? மரத்தேரின் உயரம் ஏறத்தாழ 30 அடி. மூங்கிலும் சீலையும் கொண்டு அலங்கரித்தால் 96 அடியாகும். எடை ஏறத்தாழ 300 டன். ஓடாது நிற்கும் தேரில் பாரம் முழுவதும் ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் அழுந்தும். சக்கரம் மண்ணில் புதையும், அச்சு வளையும், வெயிலில் மரம் வெடிக்கும், மழையில் இற்றுப்போகும், கறையான் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே சிற்பங்கள் அழகாகத் தோன்றினாலும் உள்ளே உறுதி இராது. ஆகவே தச்சரும் கொல்லரும் ஒவ்வோர் உறுப்பையும் தட்டிப் பார்த்தே தேரை நகர்த்த இசைவர்.

1970-இல் நான் பத்து வயதுச் சிறுவன். தந்தையார் என் கையைப் பற்றியவாறு கீழவீதியில் நின்றார். வடம் இறுகிற்று, தேர் அசையவில்லை. பின்புறம் சக்கரத்தின் அடியில் நெம்புகட்டைகளைக் கொடுத்து உந்தினர். திடீரென மரம் முனகும் ஓசை எழுந்தது. தந்தையாரின் கண்களில் நீர் பெருகியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இளமையில் தாம் வடம் பிடித்த தேர் அது என்று அவர் பின்னர் கூறினார்.

அறிவியலும் தேருக்குத் துணை வந்தது. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் அச்சும் நீரழுத்தத் தடைக்கருவியும் அமைத்துத் தந்தது. முற்காலத்தில் முட்டுக்கட்டைகளை மட்டுமே நம்பி நிறுத்திய தேரை இன்று அக்கருவியும் அடக்குகிறது. பின்னர் மீண்டும் சில ஆண்டுகள் திருப்பணிக்காக நின்ற தேர், 2016-இல் ஓடிற்று. அதற்கு முந்திய ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலிலும், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், புதிதாகச் செய்த தேர் ஓடியது.

ஆயினும், சக்கரம் செப்பனிடப்பட்டால் மட்டும் போதுமா? வீதியும் செப்பமாக வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் விழாச் சப்பரம் உயரழுத்த மின்கம்பியில் பட்டு, பதினொருவர் உயிரிழந்தனர். நம் முன்னோர் தேரை உயரமாகச் செய்தபோது வீதியில் கம்பிகள் இல்லை. காலம் மாறியதை மறந்தால் விழாவே துயரமாகிவிடும்.

மூன்றாவது, கைகள். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் உண்டா என்ற பூசலும் தேர் நின்றதற்கு ஒரு காரணமாயிற்று. பல்லாண்டுகள் நின்றிருந்த அத்தேர், உயர்நீதிமன்றம் தலையிட்ட பின், 2024 ஜூனில்தான் ஓடியது. அங்கே பழுதுற்றது மரமன்று, மனித மனமே. அதனைச் சீர்செய்யத் தச்சரின் உளி உதவாது.

நண்பர்களே, ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. 'கூடி' என்ற சொல்லில் எவரையும் விலக்க இடமில்லை. உங்கள் ஊரில் தகரக் கொட்டகைக்குள் ஒரு பழந்தேர் நின்றால், அது ஏன் நின்றது என்று பெரியோரைக் கேளுங்கள். சக்கரமா, வீதியா, கைகளா? விடையை எழுதி வையுங்கள். அதுவே உங்கள் ஊர் வரலாற்றின் முதல் ஏடாகலாம்.