நியூசிலாந்தின் மேய்ச்சல் புல் ஆய்வு

ஆடுமாடுகளை ஆண்டு முழுவதும் திறந்தவெளியில் மேயவிட்டே வளர்க்கும் மிதவெப்ப நாடுகளில் நியூசிலாந்து முதன்மையானது. அங்குள்ள பச்சைப் புல்வெளிகளில் பெரும்பகுதி இயற்கையாக அமைந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஐரோப்பியர் காடுகளை வெட்டியும் எரித்தும் நிலத்தைத் திறந்து, தாயகத்திலிருந்து கொண்டுவந்த ரை புல்லையும் வெள்ளைக் குளோவரையும் விதைத்தனர். 1882இல் ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் உறையவைத்த இறைச்சியை லண்டனில் கொண்டுசேர்த்தபின், புல்லை நம்பியே நாட்டின் ஏற்றுமதி வளர்ந்தது.

புல்லை ஒரு பயிராக மதித்து ஆராயும் மரபு பிரிட்டனில் தொடங்கியது. ரோதம்ஸ்டெட்டில் 1856இல் அமைத்த ‘பார்க் கிராஸ்’ சோதனைத் திடல் இன்றும் தொடர்கிறது. வேல்சின் அபரிஸ்த்வித்தில் 1919இல் தொடங்கிய பயிர்ப்பெருக்க நிலையம், அதன் முதல் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டேபிள்டன் காலத்தில், தூர் அடர்ந்து நெடுநாள் நிலைக்கும் மேய்ச்சல் வகைகளைத் தெரிவுசெய்தது. நியூசிலாந்தில் இப்பணியை முன்னெடுத்தவர் புரூஸ் லெவி. பாமர்ஸ்டன் நார்த் நகரம் அதன் மையமாயிற்று.

குளோவரின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. நல்ல மேய்ச்சலில் இது ஆண்டுக்கு எக்டேருக்கு 100 முதல் 200 கிலோ வரை இருக்கலாம். அதில் பெரும்பங்கு, குளோவரைத் தின்ற விலங்கின் சாணம், மூத்திரம் வழியாகவே ரை புல்லை அடைகிறது என்பதை பி. டி. சியர்ஸின் சோதனைகள் விளக்கின. ஆனால் குளோவருக்குப் பாஸ்பரஸ் வேண்டும். அந்நாட்டு மண்ணில் அது குறைவு. எனவே சூப்பர் பாஸ்பேட் இன்றியமையாததாயிற்று. மனிதர் ஏறிச் சென்று தூவ முடியாத குன்றுகளில் 1940களின் இறுதியிலிருந்து விமானம் மூலம் அதைத் தூவினர்.

மேய்க்கும் நேரத்தையும் புல்லே சொல்கிறது. ரை புல்லின் ஒவ்வொரு தூரிலும் ஒரே சமயத்தில் ஏறத்தாழ 3 பச்சை இலைகள்தான் இருக்கும். நான்காவது விரியும்போது முதலாவது காயத் தொடங்கும். ஆகவே இரண்டாம் இலைக்கும் மூன்றாம் இலைக்கும் இடையில் மேய்ப்பது சிறந்தது. தாமதித்தால் புல் வீணாகும், நிழலில் குளோவரும் நலியும். முந்தினால் கேடு பெரிது. கடிபட்ட தூர், அடித்தண்டில் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவிட்டே முதல் இலையை விடுகிறது. அந்தச் சேமிப்பு மீளுமுன் மறுபடி கடித்தால் வேர் மெலிந்து புல் பட்டுப்போகும். மின்வேலியால் நிலத்தைப் பட்டிகளாகப் பிரித்துச் சுழற்சியாக மேய்ப்பதன் அடிப்படை இதுதான். ஒரு நிலத்தில் எத்தனை மாடுகள் என்பதும் முக்கியம். எண்ணிக்கை கூடும்போது மாடு ஒன்றின் பால் குறைந்தாலும், ஓரளவு வரை எக்டேருக்கான பால் கூடுகிறது என்பதை ருவாகுரா நிலையத்தில் சி. பி. மெக்மீக்கன் வலியுறுத்தினார்.

இத்துறையின் மிக வியப்பான கண்டுபிடிப்பு ஒரு நோயிலிருந்து பிறந்தது. கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ரை புல்லை ஒட்ட மேய்ந்த செம்மறிகள் தலை நடுங்கித் தள்ளாடும். விரட்டினால் கால் விறைத்து விழும். வேறு மேய்ச்சலுக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். ஓடையில் விழுந்து சாவதும் உண்டு. 1981இல் பிளெட்சரும் ஹார்வியும் இதைப் புல்லுக்குள் வாழும் ஒரு பூஞ்சையோடு தொடர்புபடுத்தினர். அது புறத்தே எந்த அடையாளமும் காட்டாது. விதை வழியாக மட்டுமே தலைமுறை தாண்டும். அது சுரக்கும் லோலிட்ரெம் பி என்ற நஞ்சு இலையுறையின் அடியிலும் கதிரிலும் செறிகிறது.

பூஞ்சையற்ற விதையை விதைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றே தோன்றும். தீரவில்லை. அர்ஜென்டினத் தண்டுக் கூன்வண்டு அந்தப் புல்லை அழித்தது. அதே பூஞ்சை சுரக்கும் பெரமின் என்ற வேறொரு பொருளே அதுவரை வண்டை விலக்கிவைத்திருந்தது. எனவே பூஞ்சையை ஒழிப்பதை விட்டு, நல்ல பூஞ்சையைத் தேடினர். லோலிட்ரெம் சுரக்காமல் பெரமின் மட்டும் சுரக்கும் ஏஆர்1 என்ற இனம் 2000களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த ஏஆர்37 இன்னும் பல பூச்சிகளைத் தடுக்கிறது; ஆனால் சில வேளைகளில் அதிலும் செம்மறிகள் தள்ளாடுகின்றன. வெப்பமும் ஈரமும் பூஞ்சையைக் கொல்வதால் விதையைக் குளிர்ந்த, உலர்ந்த கிடங்கில் வைக்க வேண்டும். முளைப்புத் திறன் இருந்தும் பூஞ்சை செத்த விதையால் பயனில்லை.

இன்றைய ஆய்வின் கவலை நீர்நிலைகள். மாடு மூத்திரம் பெய்த சிறு இடத்தில் நைட்ரஜன் அளவு எக்டேருக்கு 1,000 கிலோ வரை எட்டலாம். புல்லால் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிச்சம் நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் இறங்குகிறது. மலிவான யூரியா பெருகியதும் குளோவரின் இடம் சுருங்கியதும் இச்சுமையைக் கூட்டின. மேயும் நிலத்தில் செயற்கை நைட்ரஜன் உரத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோ என்ற வரம்பை அரசு 2021இல் விதித்தது. அகலம் குறைந்த இலை கொண்ட பிளாண்டைன் என்ற செடியை ரை புல்லோடு கலந்து விதைத்தால், அதைத் தின்னும் மாட்டின் மூத்திரத்தில் நைட்ரஜன் செறிவு குறைகிறது. மேய்ச்சலில் அதன் பங்கு எவ்வளவு இருக்க வேண்டும், சில ஆண்டுகளில் மெலிந்துபோகும் அதை எப்படி நிலைக்கவைப்பது என்பதில் ஆய்வு தொடர்கிறது.