வகுப்பறையில் வினாவுங் கலை

கல்வி புகட்டுங் கருவிகளுள் வினா மிகப் பழையது. கரும்பலகையும் அச்சுநூலும் தோன்றுதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆசிரியர் வினாவினார். மாணவர் விடை பகர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாக வகுத்தார். அவற்றுள் முதலாவது அறிவினா. விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிவாரோ என்பதைத் தெரிந்துகொள்ளும்பொருட்டு வினாவுவது அது. ஆசிரியர் மாணவனிடத்துக் கேட்கும் வினாவை இதற்கு உதாரணமாகக் காட்டுவது மரபு. இரண்டாவது அறியாவினா, தான் அறியாத ஒன்றை அறிய விரும்பி வினாவுவது. இது மாணவனுக்கு உரியதென்பர். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதன்று. ஆசிரியரது வினாவுந் திறனை வளர்க்க முயன்ற கல்வியாளர் நூறாண்டுக் காலத்திற் கண்டறிந்த உண்மைகளை விளங்கிக்கொள்வதற்கும் அது துணைபுரிகின்றது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் யோசுவா பிச் என்னும் கல்விமான் வினாவுங் கலையைப் பற்றி ஆசிரியர்களுக்கு விரிவுரை ஆற்றினார். அது நூலாகவும் வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டது. நல்ல வினாவின் இயல்பை எடுத்துரைக்கும் இத்தகைய நூல்கள் பின்னரும் பல தோன்றின. ஆனால், விரிவுரையைக் கேட்டு மகிழ்ந்த ஆசிரியர் தம் வகுப்பிற்குத் திரும்பியபின் எவ்வாறு வினாவினார் என்பதை அளந்து பார்த்தவர் அரியர்.

அவ்வாறு அளந்து பார்க்கத் துணிந்தவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ரோமியற் ஸ்ரீவன்ஸ் அம்மையார். நியூயோர்க் நகரில் உள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலிருந்து 1912ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வு வெளிவந்தது. உயர்நிலைப் பள்ளி வகுப்புக்களில் ஆசிரியரும் மாணவரும் பேசியவற்றைச் சுருக்கெழுத்தில் எழுதுவித்து அவர் ஆராய்ந்தார். கிடைத்த முடிவு வியப்பூட்டுவதாயிருந்தது. ஒரு நாட் பள்ளிவேளையிற் கேட்கப்பட்ட வினாக்களின் சராசரித் தொகை 395. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பாடநூலிற் கண்டதை நினைவிலிருந்து ஒப்புவிக்கச் செய்பவை.

வினாக்கள் மிகுந்திருப்பது சுறுசுறுப்பான வகுப்பிற்கு அடையாளம் என்று அக்காலத்திற் பலர் எண்ணியிருந்தனர். ஸ்ரீவன்ஸ் அம்மையார் அதனை மறுத்தார். நிமிடத்திற்கு இரண்டு மூன்று வினாக்கள் தொடுக்கப்படுமிடத்து மாணவன் சிந்திப்பதற்கோ, தன் கருத்தைக் கோவையாக எடுத்துரைப்பதற்கோ இடமில்லை; வகுப்பின் வேலையிற் பெரும்பகுதியை ஆசிரியரே செய்துவிடுகிறார் என்று அவர் எச்சரித்தார். ஆயினும் அவ்வெச்சரிக்கை வகுப்பறைகளை மாற்றிவிடவில்லை. 1960ஆம் ஆண்டளவில் நடத்தப்பட்ட ஆய்வுகளிலும் ஏறக்குறைய அதே நிலையே காணப்பட்டது. அரை நூற்றாண்டு கழிந்தும் பழக்கம் அசையவில்லை.

அறிவு குறைந்ததனால் இந்நிலை ஏற்பட்டதென்று கூறுதல் பொருந்தாது. 1956ஆம் ஆண்டில் பெஞ்சமின் புளூமும் அவருடைய சகபாடிகளும் கல்வி நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்து வெளியிட்டனர். நினைவுகூர்தல் அடிப்படியிலும் மதிப்பிடுதல் மேற்படியிலும் வைக்கப்பட்டன. வினாக்களையும் அவ்வாறே தரம் பிரிக்கலாம் என்பதை ஆசிரியர் பலர் கற்றனர். பரீட்சைத் தாளிலே வினாக்களைப் பிழையின்றி வகைப்படுத்தவும் அவர்களால் இயன்றது. ஆனால், முப்பது பிள்ளைகளின் முன்னே நிற்கும்போது நாவில் வருவது பழகிய வினாவேயன்றிப் படித்த வினாவன்று. வினாவுதல் ஒரு பழக்கம். பழக்கத்தை உடையவனுக்கு அது கண்ணிற் படுவதில்லை.

கண்ணிற் படாத பழக்கத்தைக் காட்டும் கண்ணாடியாக வந்து உதவியது பதிவுக் கருவி. 1963ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள ஸ்ரன்போட் பல்கலைக்கழகத்தில் டுவைற் அலனும் அவருடைய குழுவினரும் நுண்கற்பித்தல் என்னும் பயிற்சி முறையை உருவாக்கினர். ஆசிரியர் நான்கைந்து மாணவருக்குச் சில நிமிடங்கள் மட்டும் கற்பிப்பார். ஒரு முறையில் ஒரு திறனிலேயே கவனஞ் செலுத்துவார். அது படமும் ஒலியுமாகப் பதிவு செய்யப்படும். பின்னர் அவர் தம்மைத் தாமே பார்த்து, குறைகளை உணர்ந்து, வேறு மாணவருக்கு அதனை மீண்டும் கற்பிப்பார்.

அதே மாநிலத்தில் இயங்கிய தூரமேற்குக் கல்வி ஆய்வுகூடம், வோல்ரர் போக் என்பவரின் தலைமையில், இம்முறையைத் தொழில் புரியும் ஆசிரியர்களிடம் கொண்டுசென்றது. அங்கு உருவாக்கப்பட்ட முதலாவது சிறு பயிற்சிநெறியே வகுப்பறை வினாக்களைப் பற்றியதுதான். ஆசிரியர் தம் பள்ளியை விட்டு நீங்காமல், மேலதிகாரியின் கண்காணிப்பும் இன்றி, தம்மைத் தாமே மதிப்பிட்டுப் பயிலலாம். 48 ஆசிரியரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், கலந்துரையாடல் நேரத்தின் ஏறக்குறைய அரைப் பங்கைக் கவர்ந்திருந்த ஆசிரியரின் பேச்சு, கால்பங்கிற்குச் சற்று மேலான அளவிற்குக் குறைந்தது. மாணவன் சொன்ன விடையைத் தாமே திருப்பிச் சொல்வதும், தாம் கேட்ட வினாவிற்குத் தாமே விடை கூறுவதும் பெரிதும் அருகின. மூன்றாண்டுகள் கழித்து அவ்வாசிரியர்களுட் பலரை மீண்டும் ஆராய்ந்தபோது, பெற்ற பயனிற் பெரும்பகுதி நிலைத்திருந்ததை போக் 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஆசிரியர் பேச்சைக் குறைத்தபின் எஞ்சுவது மௌனம். அம்மௌனத்தின் பயனை அளந்தவர் மேரி பட் றோ என்னும் விஞ்ஞானக் கல்வியாளர். நூற்றுக்கணக்கான பாடங்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் தம் முடிவுகளை அவர் வெளியிட்டார். வினாவைக் கேட்டபின் ஆசிரியர் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி மட்டுமே. அதற்குள் விடை வராவிடின் வினாவைத் திருப்பிக் கேட்டனர். அல்லது வேறொரு பிள்ளையை நோக்கினர். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கெட்டிக்காரர் எனக் கருதப்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர் சற்றுக் கூடுதலான நேரம் கொடுத்தனர். மந்தமானவர் எனக் கருதப்பட்டோருக்குக் குறைவான நேரமே கிடைத்தது. எவருக்கு நேரம் மிகத் தேவையோ அவருக்கே அது மறுக்கப்பட்டது. தீய எண்ணத்தினால் எவரும் அவ்வாறு செய்யவில்லை. செய்வதை அவர்கள் அறியவேயில்லை.

மூன்று விநாடிகளேனும் காத்திருக்க ஆசிரியர் பயின்றபோது வகுப்பின் தன்மை மாறியது. விடைகள் நீண்டன, விடையின்றி நின்றோர் தொகை குறைந்தது, பிள்ளைகள் தாமாகவே வினாவத் தொடங்கினர். மந்தமானவர் என ஒதுக்கப்பட்டோரும் வாய்திறந்தனர். அதனைக் கண்ட ஆசிரியர் அப்பிள்ளைகளைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பும் மாறியது. இரண்டு விநாடி மௌனம் செய்த வேலை அது.

இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் போல் பிளாக், டிலன் வில்லியம் முதலியோர் மெட்வே, ஒக்ஸ்போட்ஷயர் ஆகிய இடங்களிலுள்ள ஆறு பள்ளிகளில் இம்முயற்சியை மேலும் வளர்த்தனர். கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த 24 ஆசிரியர்களுடன் அது தொடங்கியது. ஆயத்தஞ் செய்த சூத்திரம் எதுவும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஆராய்ச்சி முடிவுகளைக் கேட்டறிந்த அவர்கள், தத்தம் வகுப்பில் எதனை மாற்றுவது என்பதைத் தாமே தெரிந்தனர். இடையிடையே ஒன்றுகூடித் தம் வெற்றி தோல்விகளைப் பகிர்ந்துகொண்டனர். சிலர் கையுயர்த்தும் வழக்கத்தையே நிறுத்தினர். எவரையும் கேட்கலாம் என்றானதும், எல்லாரும் சிந்திக்க வேண்டியதாயிற்று. முதலில் அந்த மௌனத்தைத் தாங்குவது தமக்கே கடினமாயிருந்ததென்று ஆசிரியர் கூறினர். பல மாதங்கள் முயன்ற பின்னரே அது பழக்கமாயிற்று.

1912ஆம் ஆண்டின் சுருக்கெழுத்து ஏடுகள் முதல் இம்முயற்சி வரையுள்ள வரலாறு தெளிவாக உணர்த்துவது ஒன்று. வினாவின் இலக்கணத்தைப் போதிப்பதனால் மட்டும் ஆசிரியரின் வினா திருந்துவதில்லை. தம் குரலைத் தாமே கேட்கும் வாய்ப்பும், திரும்பத் திரும்பப் பயிலும் அவகாசமும், தோல்வியைக் கூசாது கூறத்தக்க சகபாடிகளும் அவருக்கு வேண்டும். ஒரு நாட் கருத்தரங்கு இவற்றைத் தரமாட்டாது.

ஆசிரியரின் வினாவை இலக்கணம் அறிவினா என்றது. பாடத்தின் விடையை அவர் அறிவார் என்பதனால் அப்பெயர் பொருந்தும். ஆயினும், தம் முன்னிருக்கும் பிள்ளையின் உள்ளத்தில் அப்பாடம் எவ்வாறு பதிந்திருக்கின்றது என்பதை அவர் அறியார். அதனை அறிய விரும்பி, விடைக்காகக் காத்திருந்து செவிசாய்க்கும் ஆசிரியரின் வினா, அறியாவினாவாகவும் அமைகின்றது. கடைசி வரிசையிலிருக்கும் பிள்ளை வாய்திறப்பது அத்தகைய வினாவிற்கே.