மன்னார்க் கரையும் எண்ணுமுறைப் பெயர்களும்

1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைக்கொண்டு கோட்டை அமைத்தனர். புன்னைக்காயற் பரதவர் பலர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அவர்களிடையே பணியாற்றியவர் அன்ரிக்கே அன்ரிக்கஸ் பாதிரியார். 1549 அளவில் தமிழிலக்கணத்தைப் போர்த்துக்கேய மொழியில் எழுதியவரும், 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழிலே தந்தவரும் இவரே. பத்துக் கற்பனைகளை வரிசைப்பட ஓதுவிப்போர்க்கு முதலாவது, இரண்டாவது என்னுஞ் சொற்கள் தொடக்கத்திலேயே வேண்டப்படுவன.

தமிழில் இவற்றை ஆக்குதல் எளிது. எண்ணுப் பெயரோடு 'ஆம்' அல்லது 'ஆவது' சேர்ந்தால் அமையும். மாதோட்டம் இராசராசபுரம் என வழங்கிய காலத்துச் சோழர் சாசனங்களும் ஆட்சியாண்டை 'ஆவது' என்றே குறித்தன. போர்த்துக்கேயமோ அவ்வாறன்று. அதில் இரண்டு 'தொய்ஸ்', இரண்டாவது 'செகுந்து'. பின்தொடர்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனனஞ் செய்தல் வேண்டும். அன்றியும், திங்கட்கிழமை அவர்க்கு 'இரண்டாம் நாள்'. செவ்வாய் 'மூன்றாம் நாள்'. கோள்களின் பெயரால் கிழமை வழங்கும் முத்துக்குளிப்போர் இதனைக் கேட்டு மயங்கியிருப்பின் வியப்பில்லை.

பிரெஞ்சு மொழி போர்த்துக்கேயத்தின் உடன்பிறப்பேயாயினும், இவ்வகையிற் தமிழுக்கே அணுக்கமானது. 'தூ' இரண்டு, 'தூசியெம்' இரண்டாவது. ஒரே விகுதி ஏறிச் செல்கின்றது. 'ஒன்றாம் வகுப்பு' என்னும் வழக்கு ஒருபுறம் இருக்க, நாம் ஒன்றாவது என்னாது முதலாவது என்கின்றோம். அவர்களும் ஒன்றைக் குறிக்கும் 'உன்' என்பதை விட்டுப் 'பிரெமியே' என்பர். இருபத்தோராவது என வருமிடத்து நாம் முதலைக் கைவிட்டு ஒன்றுக்கு மீள்கின்றோம். அவர்களும் அங்கு 'யூனியெம்' என ஒன்றுக்கே மீள்வர். சிங்களமும் 'பளமுவெனி' என்பதை விட்டு 'விசிஎக்வெனி' என்னும். போர்த்துக்கேயம் மட்டும் இருபதாவதோடு முதலாவதையே கூட்டும்.

எனினும் நம் மாணாக்கர் இடறுமிடம் ஒன்றுண்டு. பிரெஞ்சில் மாதத்தின் முதல் நாளே எண்ணுமுறைப் பெயர் பெறும். மற்றவை வெறும் எண்களாலேயே குறிக்கப்படும். 'இரண்டாம் திகதி'யை நினைந்து 'தூசியெம்' என எழுதுவது பிழை. அரசர் பெயரும் அவ்வாறே. முதலாம் பிரான்சுவாவுக்கு மாத்திரம் 'பிரெமியே' உரியது. பதினான்காம் லூயி அவர்களுக்கு 'லூயி பதினான்கு'தான்.